சூரியன் பக்கம் திரும்பிக்கொள்

என் வாலுப் பொண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். போனில் நினைத்ததை எனக்குச் சொல்ல வராது, உனக்கே தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே பெரிய செய்தி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். அதை உயர்த்திக் கட்டியதில் நம் மொட்டை மாடி சோலார் தகட்டின் மூலையில் நிழல் விழுகிறது. மூலைதானே என்றேன். ஊரெல்லாம் வயரிங் செய்கிற மனுஷனிடம் அப்படிச் சொல்லலாமா, "ஒரு மூலை தூங்கினா மத்ததையும் இழுத்துப் போட்டுத் தூங்கும்டி, உன் தம்பி வந்தா நம்ம வீடே தூங்குற மாதிரி" என்று அப்பா குதித்தார். பக்கத்து வீட்டுக்காரரிடமே போய், என் மகள் பார்த்துக்கொள்கிற தொலைநோக்கி விண்வெளியில் சூரியனை வைத்தே பிழைக்கிறது, அதற்கு மேகமும் இல்லை, உங்களைப் போல அக்கம்பக்கமும் இல்லை, பூமியின் நிழலுக்குள் போனாலும் பேட்டரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் நேற்று தகட்டைத் துடைக்க நான் ஏறினேன். துடைக்கும்போதுதான் போன வாரம் நீ பேசியது முழுதாக உறைத்தது. தொலைநோக்கிக்குத் திசை தவறிவிட்டது என்றாய். அப்பா பதறியதும், "ஒண்ணும் ஆகாதுப்பா, கோளாறுன்னா அது நட்சத்திரம் பாக்கிறதை நிறுத்திட்டு, சோலார் இறக்கைய சூரியன் பக்கம் திருப்பிக்கிட்டுச் சும்மா இருக்கும். கரண்ட் இருந்தாதானே நாங்க கூப்பிட்டா பதில் சொல்ல முடியும்" என்று சிரித்தாய். அதே மூச்சில்தான், "அம்மா, ஒரு மாசம் லீவு போட்டுட்டு வரட்டுமா, சும்மா இருக்கணும் போல இருக்கு" என்றாய். நான் சொன்னது, "இதுக்கெல்லாமா லீவு, பல்லக் கடிச்சிட்டு இரு." நீ "சரிம்மா" என்றாய். அதற்குப் பிறகு சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன் என்று குறுஞ்செய்திதான் வருகிறது.

நீ களைத்திருப்பது அன்றே என் காதில் விழுந்தது. ஆனால் நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்துக் காசாளர் அக்காவின் முகம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஊசிக்குக் கை நீட்டுகிறவர்களிடம்கூட உன் வேலையைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். பாதியில் வந்துவிட்டாள் என்றால் எந்த முகத்தோடு அங்கே உட்காருவது என்று நினைத்தேன். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி வேலைக்குப் போனவள் நான், ஓய்வு கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது ஒரு சாக்கு, காரணம் இல்லை. ஓர் இயந்திரத்துக்கு நீங்கள் எல்லோரும் கூடிக் கொடுத்திருக்கிற அனுமதியை, உன்னைப் பெற்ற நான் உனக்குக் கொடுக்கவில்லை. நேற்று அந்தத் துணியோடு வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னேன். உடனே உன் அறை மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். உன் மெத்தையை மாடியில் காயப் போட்டிருக்கிறேன். யாரும் காரணம் கேட்க மாட்டோம். அப்பா தொட்டிக் கதையைச் சொல்லாமல் இருப்பார் என்று மட்டும் உறுதி தர முடியாது.

உடம்பும் மனசும் தெம்பாகி நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. ஒன்றை மறந்துவிடாதே. இந்த முறை வரட்டுமா என்று என்னைக் கேட்காதே, வருகிற நாளை மட்டும் சொல்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா