கதவுக்குப் பின்னால் லண்டன்

அண்ணே,

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போதுதான் கவனித்தேன். வாசலில் என் பூட்ஸ் இரண்டும் மூக்கை வெளிப்பக்கம் காட்டி நின்றன. நேற்று கழற்றியபோது நான்தான் அப்படித் திருப்பி வைத்திருக்க வேண்டும். அது உங்கள் பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் குனிந்து, உங்களுடையதை மட்டுமல்ல, அங்கே கிடக்கிற எல்லாருடைய செருப்பையும் வெளியே பார்க்க அடுக்கிவிட்டுத்தான் உட்காருவீர்கள். ஜப்பானில் ஒட்டிக்கொண்டது. "போகேக்கை தேடத் தேவையில்லை, பாரும்" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது என் கை தானாக அதைச் செய்திருக்கிறது. எரிச்சல் வரவில்லை. கொஞ்சம் பயமாக இருக்கிறது.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நான் லிஃப்ட் பார்க்கிறவன். எங்கே பழுது, எதை மாற்ற வேண்டும், எப்போது ஓடும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பேச்சு. ஆனால் நீங்கள் போன பிறகு நம் கட்டடத்தில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நம் முதல் சண்டை நினைவிருக்கிறதா? பாரிசில் நம் ஆட்களின் கடைத்தெரு லாச்சப்பலில் அந்தத் தேநீர்க் கடை. ரிட்டயர் ஆன புதுச்சேரிக்காரர் ஒருவர் தன் போனை எல்லார் முகத்துக்கு நேராகவும் நீட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க மிசியே, பள்ளிக்கூடப் புள்ளைங்களே கூட்டித் துடைக்குதுங்க. ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான். நம்ப மெத்ரோவ பாருங்க, நாறுது."

நீங்கள் தேநீரை வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "சுத்தம்தான் ஐயா. நான் இருந்த நாடு. தனியச் செத்த ஆளையும் சத்தமில்லாமல் துடைச்சுப்போட்டு அறையை வாடகைக்கு விடுவினம்."

கடையே உங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் ஜப்பான் கட்சி. "ரயில் ஒரு நிமிஷம் லேட்டானா மன்னிப்பு கேக்குறாங்கண்ணே. அவங்க லிஃப்டைப் பாத்துட்டு இங்க வந்தா எனக்கு அழுகை வருது" என்றேன்.

"தம்பி, லிஃப்டுக்கு அருமையான நாடு. உள்ளுக்கை நிக்கிற ஆளைப் பற்றிக் கதைப்பம்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் உங்கள் வேனில் ஏறிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒபர்வில்லியேயில் மொத்தச் சரக்குக் கிட்டங்கியில் சாமான் ஏற்றி, லாச்சப்பல் கடைகளில் இறக்குவது உங்கள் வேலை. மொழிப் பள்ளி விசாவில் ஒசாகாவுக்குப் போனது, படிக்கப் போன இடத்தில் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் நின்றது, இளமை முழுவதையும் அங்கேயே விட்டுவிட்டுப் பாரிசுக்கு வந்தது எல்லாம் அந்த வேனில்தான் கேட்டேன். ரயிலில் சனம் நெரியும்போதும் உங்கள் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்குமாம். "முதல் வருசம் கோவம். பிறகு பை வைக்க நல்ல இடம்." வெளிநாட்டுக்காரருக்கு வீடு இல்லை என்று சொல்லும் வீட்டுக்காரர்கூட வாசல் வரை வந்து குனிந்து வழியனுப்புவாராம். "இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்று கேட்டேன். "இஞ்சை மூஞ்சைக்கு நேரை சொல்லுவினம், நாங்களும் திருப்பிச் சொல்லலாம். அங்கை குனிஞ்சு சொல்லுவினம். குனிஞ்ச ஆளோடை எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?"

ஆனால் கெட்ட சனம் என்று ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லை. தொலைத்த பர்ஸ் பணத்தோடு திரும்பி வந்ததையும், விடைபெற்ற அன்று உங்கள் மேலாளர் கழிவறையில் போய் அழுததையும் அதே மூச்சில் சொல்வீர்கள். உங்கள் கோபமெல்லாம் ஒரு சொல்லின் மேல். அடுத்தவருக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது. அங்கே அதைத் தாய்ப்பாலோடு ஊட்டுகிறார்கள் என்பீர்கள். கரைச்சல் என்ற சொல்லையே உங்களிடம்தான் கற்றேன். எங்கள் ஊரில் தொந்தரவு. வேலை தாங்கவில்லை என்று சொன்னால் கரைச்சல். மேலாளர் எழும்பும் முன் வீட்டுக்குக் கிளம்பினால் கரைச்சல். பசிக்கிறது என்பது கரைச்சல். "கடைசியிலை, உயிரோடை இருக்கிறதே ஆருக்கோ கரைச்சல் எண்டு தோன்றும் தம்பி."

பிறகு ஒருநாள் சிக்னலில் நின்றபோது அந்தப் பக்கத்து வீட்டுக் கதையைச் சொன்னீர்கள்.

"ஒரு தாய். எண்பது வயசு இருக்கும். ஒவ்வொரு நாளும் கடையிலை ரெண்டு சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு வருவா. தனிய இருக்கிறா எண்டுதான் எல்லாரும் நினைச்சது. ஒருநாள் வரேல்லை. பிறகும் வரேல்லை. சனம் கழிவுக் குழாய் நாறுது எண்டு சொல்லிச்சுது. நானும் அப்பிடித்தான் நினைச்சன். பொலிஸ் வந்து திறந்தா, தாய் படுக்கையிலை செத்துக் கிடக்கிறா. பக்கத்திலை தலை நரைச்ச ஒரு மனிசன் இருக்கிறார். மகன். வாலிப வயசிலை அறைக்குள்ளை போனவர், வெளியிலை வரேல்லை. தாய் செத்ததை ஆருக்குச் சொல்லுறது, எப்பிடிச் சொல்லுறது எண்டு அவருக்குத் தெரியேல்லை."

பச்சை விழுந்தது. நீங்கள் வண்டியை எடுக்கவில்லை.

"வெளியிலை கூட்டிக்கொண்டு வரேக்கை, நடையிலை நிண்ட ஒவ்வொருத்தருக்கும் குனிஞ்சு, கரைச்சலுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டவர். எனக்கும் குனிஞ்சவர்."

பின்னால் டாக்சிக்காரன் ஹார்னில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

நான் வழக்கம்போல் வெட்டிப் பேசினேன். "நம்ம ஆளுங்ககிட்ட இது நடக்காதுண்ணே. நாலு பேர் வீட்டுக்குள்ள புகுந்து, என்ன படிக்கிறான், எங்க வேலை, எப்ப கல்யாணம்னு குடைஞ்சிடுவாங்க."

"ஓம். கேக்கிறபடியாத்தான் நாங்கள் பூட்டுறம். அங்கை ஒருத்தரும் கேக்கிறேல்லை எண்டு பூட்டுப்படுது. இஞ்சை எல்லாரும் கேக்கினம் எண்டு பூட்டுப்படுது. கதவு ஒண்டுதான்."

அது வெறும் பேச்சு என்றுதான் நினைத்தேன், நம் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோன அந்த வாரம் வரை. அது என் கம்பெனி லிஃப்ட் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். நாம் படியில் ஏறிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடியில் சந்திரா அக்கா குப்பைப் பையோடு கதவைத் திறந்தார். அலுவலகங்களைச் சுத்தம் செய்யப் போகிறவர், கணவர் இல்லை, ஒரே மகன் நிரோஜன். கதவுக்கு உள்ளே பெரிய விளையாட்டுச் சப்பாத்து ஒரு சோடி கிடந்தது. நீங்கள் பழக்க தோஷத்தில் திருப்பி வைக்கக் குனிந்தீர்கள். அக்கா கதவைச் சட்டென்று இழுத்தார்.

"மகன்ரையோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அண்ணை. அவன் லண்டனிலை எல்லோ. கம்பியூட்டர் படிக்கிறான்."

அடுத்த மாடியில் நின்று மூச்சு வாங்கினீர்கள். "லண்டனுக்குப் போனவன் சப்பாத்தை விட்டிட்டோ போனவன்?"

"வேற ஷூ இருக்கும்ணே. உங்களுக்கு எல்லாமே ஜப்பான்தான்."

"மனிசி கூட்டுற தும்புத்தடியோடை வாழுறவ. வீட்டிலை ஒரு தூசி இல்லை, அந்தச் சப்பாத்திலை மட்டும் சிலந்தி வலை. ஏன் தொடுறேல்லை? எடுத்து உள்ளுக்கை வைச்சா, அவன் இனி வெளியிலை போகமாட்டான் எண்டு தானே ஒப்புக்கொள்ளுற மாதிரி."

அன்று மாலை முற்றத்திலிருந்து காட்டினீர்கள். அக்கா வேலைக்குப் போய்விட்டார். உள் அறைத் திரைக்குப் பின்னால் நீல வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. ஒரு நிழல் எழுந்து, நின்று, மறுபடி உட்கார்ந்தது. சமூக சேவைக்காரர்களுக்குச் சொல்லலாம் என்றேன். "தாயிட்டை முதலிலை கதைக்கவேணும். அவவை மிஞ்சிக் கதவை உடைச்சா, அவன் வேறை கதவு தேடுவான்" என்றீர்கள். எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை.

அக்காவிடம் நீங்கள் மூன்று நான்கு முறை ஜாடையாகப் பேச்செடுத்தீர்கள். ஒவ்வொரு முறையும் லண்டனில் மழை என்று பதில் வந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம், நான் படியிறங்கி வருகிறேன். நீங்கள் அவர் வாசலுக்கு நேரே படிக்கட்டில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். "மச்சான், நித்திரை கொண்டு கடைசி ஸ்டேசனிலை இறங்கினன். மலை, காடு, ஒரு குரங்கு. அது என்ரை சாப்பாட்டுப் பெட்டியைப் பாக்குது, நான் அதைப் பாக்கிறன்..." உங்கள் போனின் திரை கறுப்பாக இருந்தது.

"யாருண்ணே லைன்ல?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னீர்கள்: "லண்டன்."

சிரித்துவிட்டேன். வெளியே வந்ததும்தான் கேட்டேன், அவன் கேட்கிறானா என்றே தெரியாமல் இதனால் என்ன பிரயோஜனம் என்று. "நான் என்ரை பாட்டுக்குப் போன் கதைக்கிறன். அவன் பதில் சொல்லத் தேவையில்லை. நன்றி சொல்லத் தேவையில்லை. அவனுக்கு இதிலை ஒரு கரைச்சலும் இல்லை." ஞாயிறு தவறாமல் அந்தக் கறுப்புத் திரையில் பேசினீர்கள். குரங்கு, தானியங்கி இயந்திரத்தில் சூடாக வரும் சூப், குளிப்பறையில் பேசும் வெந்நீர்க் கருவி. எல்லாம் சிரிப்புக் கதைகள். பக்கத்து வீட்டுத் தாயின் கதையை மட்டும் அந்தப் படிக்கட்டில் நீங்கள் சொன்னதே இல்லை.

கிட்டங்கியில் அரிசி மூட்டை இறக்கும்போது உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உங்களைத் தகனம் செய்த அன்று லாச்சப்பலில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. சந்திரா அக்கா இருமிக்கொண்டே என்னிடம் வந்தார். "மகனும் லண்டனிலை கேள்விப்பட்டு ஒரே அழுகை தம்பி" என்றார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் படிக்கட்டு சும்மா கிடந்தது. எனக்கு நடிக்க வராது.

போன வாரம் அக்கா வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்தார். நுரையீரல் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். எப்போது அனுப்புவார்கள் என்று தாதி சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், குடும்பத்தில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாள்.

"அக்கா, வீட்டுச் சாவி குடுங்க. ஏதாவது பாக்கணும்னா நான் பாத்துக்கிறேன்."

"ஒண்டும் பாக்கத் தேவையில்லை. வீட்டிலை ஒருத்தரும் இல்லை." ஆக்சிஜன் குழாயோடு சொன்னார். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தார். "உங்களுக்கேன் தம்பி கரைச்சல். மகன் லண்டனிலை இருந்து வருவான்."

வரும் வழியெல்லாம் எனக்கு அந்த ஒசாகாக் கதவுதான் நினைவில். உள்ளே சமைத்து வைத்தது எத்தனை வேளைக்கு வரும்? தாய் ஏன் வரவில்லை என்று அவனிடம் யார் சொன்னது? கடையில் சோறும் பருப்பும் வாங்கிக்கொண்டு நேராக அந்த வாசலுக்குப் போனேன். உங்களைப் போல் போனைக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"நிரோஜன், நான் நாலாவது மாடி. லிஃப்ட் ஆளு. உங்க அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. பேசுறாங்க, நினைவு இருக்கு. எப்ப வருவாங்கன்னு தெரியல. சாப்பாடு கொண்டாந்திருக்கேன். நீ லண்டன்ல இல்லன்னு எனக்குத் தெரியும்."

படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் கதவுக்கு மிக அருகிலிருந்து, நீண்ட காலமாகப் பயன்படுத்தாத குரல் ஒன்று வந்தது.

"அந்த அண்ணை... ஏன் இப்ப போன் கதைக்கிறேல்லை?"

அண்ணே, அவனிடம் யாருமே சொல்லவில்லை. லண்டனில் இருப்பவனுக்கு பாரிசில் நடந்த சாவை யார் சொல்வார்கள்?

இறந்துவிட்டார் என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ஏதோ கதவில் உரசிக்கொண்டே கீழே இறங்கி, தரையில் நின்றது. நானும் உட்கார்ந்தேன். அவன் அழுதானா என்று தெரியவில்லை. பிறகு, பிரெஞ்சில், லிஃப்ட் எப்போதாவது அறுந்து விழுமா என்று கேட்டான். விழாது என்றேன். ஏன் விழாது என்று விளக்கினேன். மின்சாரம்தான் பிரேக்கைத் திறந்து பிடித்திருக்கும், மின்சாரம் போனால் பிரேக் தானாகக் கவ்விக்கொள்ளும் என்று தொடங்கி, கம்பி, சக்கரம், எதிர் எடை என்று பேசிக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

மறுநாள், நான் வாசலில் வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பெட்டி கழுவி வெளியே வைக்கப்பட்டிருந்தது. கதவு திறந்ததை நான் பார்க்கவில்லை. தினமும் போகிறேன். உன் அம்மாவைப் பார்க்க வருகிறாயா என்று தினமும் நேராகக் கேட்கிறேன். அவன் பதிலுக்கு லிஃப்டைப் பற்றிக் கேட்கிறான், சொல்கிறேன். அக்காவுக்கு மூச்சு இன்னும் மோசம், இன்று ஆக்சிஜன் குழாயைப் பெரிதாக மாற்றியிருக்கிறார்கள். அவனிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை. மாலை சொல்லத்தான் போகிறேன். சொன்ன பிறகு அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. லிஃப்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்றும் தெரியவில்லை.