கோபுரப் படிகளில் அப்பா

லிங்கன், இங்கிலாந்து
அக்டோபர் 14, செவ்வாய்

அன்புள்ள கிர்ஸ்டி,

அங்கே நியூசிலாந்தில், டனீடினில் இப்போது வசந்தம், உன் இருமல் விட்டிருக்கும், உடம்பு தேறியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பதறாதே, அப்பா சமையலறையில்தான் இருக்கிறார், கோப்பை கழுவும் சத்தம் கேட்கிறது. போனில் சொன்னால் அவர் காதில் விழும், மெயிலையும் இருவரும் ஒன்றாகத்தான் பார்க்கிறோம், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஹல்லிலிருந்து உன் பாலின் அத்தை வந்திருந்தாள். கதீட்ரல் கோபுரத்தில் ஏறியே ஆக வேண்டும் என்றாள். நாம் இத்தனை வருடம் அதன் அடியிலேயே இருந்தும் ஏறியதில்லை, ஊர்க்காரர்கள் யார் ஏறுகிறார்கள், அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. மேட்டுத் தெருவில் போகும்போதே அப்பா மூன்று இடத்தில் கடை ஜன்னலைப் பார்ப்பது போல நின்றார். மூன்றாவது கம்பளி நூல் கடை. அவருக்கு அங்கே என்ன வேலை? கோடையிலிருந்தே இந்த மூச்சு வாங்கல் இருக்கிறது, டாக்டரிடம் வாங்கிய நேரத்தை இரண்டு தடவை ரத்து செய்துவிட்டார், உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கியிருந்தார். அத்தைக்கு இது எதுவும் தெரியாது, லாரியில உக்காந்து உக்காந்தே உனக்குக் கால் மறந்துபோச்சுடா ட்ரெவர் என்று சிரித்தாள். கீழே வழிகாட்டி அம்மாள், இதயக் கோளாறு, மூச்சுத் தொல்லை யாருக்காவது உண்டா என்று கேட்டபோது அப்பா எல்லோருக்கும் முன்னால் தலையை ஆட்டி இல்லை என்றார்.

படி ஒரே ஆள் அகலம், சுற்றிச் சுற்றிப் போகிறது. அத்தை முன்னால், பிறகு அப்பா, பிறகு நான், எனக்குப் பின்னால் ஒன்பது பேர். பாதியில் அவர் கை சுவரைத் தடவித் தடவித் தேடியது, கழுத்தெல்லாம் வியர்வை. நிற்கலாம்தான். ஆனால் பின்னால் ஆள் வரும்போது வழியை மறித்து நிற்பதா, அதைவிட மானக்கேடு நமக்கு வேறு உண்டா, அவர் நிற்கவில்லை. ஒருவழியாக நடுவில் இருந்த சின்ன அறைக்கு வந்து பெஞ்சில் விழுந்தார். அவரைத் தாண்டி அறைக்குள் வந்த ஒவ்வொருவரிடமும் மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க என்றார், அவர்களும் பரவாயில்லை, மன்னிச்சுக்கங்க என்று சொல்லிக்கொண்டே எதிர்ச் சுவரோரம் போய் நின்றார்கள். கடைசியாக ஏறி வந்த வழிகாட்டி அம்மாள் குனிந்து பார்த்தாள், முன்பு நர்சாக இருந்தவளாம். நல்லாத்தான் இருக்கேன், கொஞ்சம் சதை போட்டுருச்சு, அவ்வளவுதான் என்றார் அப்பா. அவள் நம்பவில்லை. என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க கண்ணு, இவர் நெசமாவே நல்லா இருக்காரா என்று கேட்டாள்.

கிர்ஸ்டி, அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, இருபது பக்கக் கட்டுரை எழுதியவள். எனக்கு முகம் சுட்டது. நல்லாத்தான் இருக்கார் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து மீதிப் படிகளையும் ஏறினார். உச்சியில் அத்தை வயல்களைக் காட்டிக்காட்டிப் பேசினாள், அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. கீழே வந்ததும் ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை, அவருக்குப் பிடித்த பழ ரொட்டி, அந்தப் பிளம் பிரெட்டைக்கூட வேண்டாம் என்றார். அத்தை அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினாள். வழிகாட்டி அம்மாள் கேட்ட அந்தக் கேள்வி மூன்று நாளாக என் காதை விட்டுப் போகவில்லை.

நேற்று அவரைக் கேட்காமலே டாக்டருக்குப் போன் செய்தேன். முப்பதாம் தேதி வியாழக்கிழமை காலைதான் நேரம் கிடைத்தது. அதற்குள் நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்கள், அந்த எண்ணைப் போன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அவரோடு நானும் உள்ளே போவேன். வாசலில் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. கடவுள் உன்னைக் கைவிட மாட்டார், தினமும் உனக்காக வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இருபத்தொன்பதாம் தேதி புதன்கிழமை இரவு எங்களுக்கு எட்டு மணிக்கு, உனக்கு வியாழன் காலை ஒன்பது, அப்பாவைக் கூப்பிட்டு நாளைக்கு டாக்டரிடம் போகச் சொல். உன் பேச்சை அவர் தட்ட மாட்டார். நான் நல்லாத்தான் இருக்கேன் என்பார். போனை என்னிடம் கொடுக்கச் சொல். அவர் பக்கத்தில் நிற்கும்போதே உண்மையைச் சொல்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
லியேன்