தெருமுனையில் மாப்பிள்ளை

உத்தமபாளையத்தில் அப்பா வீட்டில் இருக்கும் என்னவளுக்கு,

தேனியில் என் மனநல கிளினிக் நன்றாக நடக்கிறது. சோறுதான் குழைந்துபோகிறது.

இன்று குச்சனூரிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். "ஏன் அப்படித் தோணுது?" என்று வழக்கம்போல் கேட்டேன். அந்தம்மா என் கசங்கிய சட்டையைப் பார்த்துவிட்டு, "வீட்டம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாகளோ?" என்றார். "என்னைய உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று நீ கேட்டதையும், அதற்கும் நான் "ஏன் அப்படித் தோணுது?" என்றதையும் சொன்னேன்.

"வெளங்கும்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அத்தோடு அவர்கள் சண்டை தீர்ந்தது. என்னை ஜீப்பில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

உங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுத் திண்ணையிலிருந்து உன் அப்பா பேப்பருக்கு மேலாக என்னைப் பார்த்தும் 'வாங்க மாப்பிள்ளை' என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் நான் எப்படிப் படியேறுவது? அதனால் இதை அந்தம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: பிடித்திருக்கிறது. ரொம்ப.

இப்படிக்கு,
டீக்கடையில் காத்திருக்கும் உன் நோயாளி