நீ அட்டை போட்ட புத்தகங்கள்

தம்பியின் கடைக்குட்டி அடுப்படியில் மரவள்ளி மாவைக் கரைத்துப் பசை காய்ச்சுகிறாள். நாளை பள்ளி திறக்கிறது, புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டுமாம். கடையில் பசை கிடைக்கும்போது இந்த வேலை எதற்கு என்று சிடுசிடுத்துவிட்டு அறைக்குள் வந்துவிட்டேன். அந்த வாசம் எனக்கு ஆகாது. அது நம் பள்ளி நூலகத்தின் வாசம், உன் கைகளின் வாசம்.

உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நம் ஊர்க் காஜா பேராங்கில் பிறந்து வளர்ந்த செட்டிப் பெண் நீ. தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறைகளாக வீட்டில் பேசுவது மலாய். என்னோடு டீச்சர் வேலை பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழிலும் பாதி மலாய்தான். நீ உயிரோடு இருந்தபோதே இந்த மடலை உன்னால் படித்திருக்க முடியாது. அந்தத் தைரியத்தில் பழைய சண்டையை மறுபடியும் தொடங்குகிறேன்.

ஜப்பான்காரன் காலம். ஆண்டுத் தொடக்கத்தில் புதுப் பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்து, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து வரவேற்பது நீ ஏற்படுத்திய வழக்கம். அந்த ஆண்டு உத்தரவு வந்தது: ஆங்கிலப் புத்தகங்கள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும், சனிக்கிழமை லாரி வரும். நீயோ, வரவேற்பு நாளிலேயே அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து வீடுகளில் ஒளித்துவிடலாம் என்றாய். சோற்றுக்குப் பதில் மரவள்ளி தின்ற நாட்கள் அவை. உன் பங்கு மாவைப் பசையாக்கி, ஜப்பானியப் பத்திரிகைத் தாளால் அட்டை போட்டாய்.

"லாரியிலேயே ஏத்தி விட்டுடலாம். மாட்டிக்கிட்டா அடி யாருக்கு? உனக்கா, பிள்ளைக்கா?" என்றேன்.

"சின்ன புடாக் பையை யார் பாக்குறது, அக்கா? ஜாங்கான் தாக்குட்."

பிள்ளைகள் உன் வாயில் எப்போதும் புடாக்தான். பயப்படாதே என்று எனக்கே தைரியம் சொன்னாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புஸ்தகம் உனக்கு அவ்ளோ பெருசாப் போச்சா?" என்று கேட்டுவிட்டு, அதோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன்.

வரவேற்பு நாளில் கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக நூலக வாசலில் நின்றாய். "மாசோக், மாசோக். உள்ள வாங்க." பிள்ளைகள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு சிறுமி, பாக்கியம், அட்டை ஓரத்தில் காயாமல் இருந்த பசையை நக்கினாள். நீ பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

பள்ளி விடச் சற்று முன்னால் காவல்காரர் மூச்சு வாங்க வந்தார். "டீச்சர், முச்சந்தியில ஜப்பான்காரன் நிக்கிறான். பையெல்லாம் கொட்டிப் பாக்குறான்."

கதவை அடைத்துவிட்டு, பை பையாகத் துழாவிப் புத்தகங்களைத் திரும்ப எடுத்தோம். நமக்குள் பேச்சில்லை என்பதே மறந்துபோனது. பாக்கியத்தை மட்டும் காணவில்லை. தகப்பனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபின் தாய்க்கு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

"பசிக்குதுன்னு வேலிச் சந்து வழியா போயிட்டா, டீச்சர்" என்றது பக்கத்தில் இருந்த பிள்ளை.

சாரோங்கை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாய். நான் பின்னால் ஓடினேன். முச்சந்தி வரிசையில் பாக்கியம் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு கிழவர் மட்டும்தான் பாக்கி. நீ சிப்பாயின் முன் குனிந்து வணங்கினாய். பிள்ளையின் பைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாய். "சாயா பூஞா" என்றாய். என்னுடையது.

அவன் அட்டையை உரித்தான். ஈரப் பசை, தாள் சுலபமாக வந்துவிட்டது. முதல் அறையிலேயே விழுந்தாய். எழுந்து மறுபடியும் குனிந்தாய். பாக்கியம் மரம் போல நின்றாள். குனிந்தபடியே அவளைப் பார்த்துக் கையை அசைத்தாய், போ, போ என்று. அவள் போனாள். அதன் பிறகும் அவன் நிறுத்தவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், குறுக்கே போகவில்லை.

கடைசியில் புத்தகத்தைச் சாக்கடையில் வீசிவிட்டு உன்னை விட்டுவிட்டான். இதைவிடச் சின்னக் குற்றத்துக்குப் போனவர்கள் திரும்பாத காலம் அது. இடது காதில் ரத்தம் வழிய என்மேல் சாய்ந்து நடந்தாய்.

"புடாக் வீட்டுக்குப் போயாச்சா, அக்கா?"

போய்விட்டாள் என்றேன். சிறிது தூரம் நடந்ததும் அதையே மறுபடி கேட்டாய். நான் இடது பக்கம் இருந்தேன். அந்தக் காது அதன் பிறகு உனக்குக் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை லாரியில் புத்தகங்களை நீயே சுமந்து ஏற்றினாய். முதலிலிருந்தே நான் சொன்னது அதைத்தான். ஆனாலும் அன்று அழுதவள் நான். நீ வெறும் அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

நீ செய்தது தப்பு. இன்று எதிரே வந்து நின்றாலும் வலது காதுப் பக்கம் வந்து அதைச் சொல்வேன். பிள்ளையின் பையில் அதை வைத்திருக்கக் கூடாது. ஆனால் தன் தப்பைப் பிள்ளையின் தோளிலிருந்து எடுத்துத் தன்மேல் போட்டுக்கொள்ள அப்படி ஓடிய ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. உன்னை நினைத்தால் கோபம் முதலில் வருகிறது, உடனே நீ ஓடிய அந்த ஓட்டமும் வந்துவிடுகிறது.

ஓய்வு பெறும்வரை, கடைசிப் பிள்ளை முச்சந்தியைத் தாண்டாமல் நான் பள்ளி வாசலை விட்டு நகர்ந்ததில்லை. இப்போதும் தம்பி மகள் வரச் சற்றுப் பிந்தினால் தெருவில் போய் நிற்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நீ கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருக்க வேண்டும். போயாச்சு, தங்கச்சி. பிள்ளை வீட்டுக்குப் போயாச்சு.