லேப்டாப்பைத் தட்டாதீங்க

ஏங்க,

தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். உங்களை எழுப்பல. எழுப்பினா பேச வேண்டி வரும். சட்டையை டைட்டாத் தைச்சுட்டேன்னு நீங்க சொன்னதுல இருந்து மூணு நாளா நமக்குள்ள பேச்சே இல்லையே. (வளர்ந்தது வயிறு. சட்டை மேல ஒரு தப்பும் இல்ல.)

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாவி செருப்பு அலமாரி மேல.

மாடி ரூம்ல வைஃபை வராது. உடனே லேப்டாப்பைத் தட்டாதீங்க. போன தடவை தட்டினதுல தெறிச்ச பட்டன் இன்னும் என் சட்டைப் பட்டன் டப்பாவுலதான் கிடக்கு. வைஃபையை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பாஸ்வேர்டு கேட்டா நம்ம கல்யாணத் தேதி. யாருக்கும் போன் போட்டுக் கேக்காம அடிக்கணும்.

அப்பவும் வரலைன்னா கீழ வந்து வைஃபை பெட்டியோட பிளக்கைப் பிடுங்கி, முப்பது எண்ணிட்டு மாட்டுங்க. முப்பதுன்னா முப்பது. கோபத்துல எண்ணுற மாதிரி ஆறுலயே நிறுத்தக் கூடாது.

நெட் கம்பெனிப் பொண்ணைப் போன்ல திட்டாதீங்க, பாவம்.

பி.கு: மனசு கேக்கல, சொல்லிடறேன். லேப்டாப்ல ஒரு கோளாறும் இல்ல. மாடிப்படிகிட்ட இருந்த பெட்டியை நேத்து நான்தான் சமையல்கட்டுக்கு மாத்தினேன். இப்போ சாப்பாட்டு மேஜை வரைக்கும்தான் சிக்னல் எட்டும். பத்து மணி மீட்டிங்கை அங்கேயே உக்காந்து பேசுங்க.

இன்னொண்ணு: சாயங்காலம் நான் வரும்போதும் அங்கேயே இருங்க. எதிர் நாற்காலி என்னுது. உக்காந்து முப்பது வரைக்கும் எண்ணுவேன். அதுக்குள்ள நீங்க பேசலைன்னா நானே பேசிடறேன்.