ஆறரை மணி ஆராதனை

ஜூலை 6, 2025, ஞாயிறு

சர்ச் வாசலில் புது போர்டு. தெலுங்கு ஆராதனை வாராவாரம் எட்டு மணிக்கு. தமிழ், மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும், ஆறரைக்கு. இத்தனை வருஷம் வாராவாரம் நடந்தது. இதை முடிவு செய்ய வேண்டிய சபைக் கூட்டமோ இருபதாம் தேதிதான்!

கமிட்டி செயலாளர் அசரியா அண்ணாவைக் கேட்டேன். "போர்டு எழுதியாச்சும்மா. அயிபோயிந்தி, முடிஞ்சுபோச்சு. இனிமே இன்னா பேசறது?" என்றார். அவரும் தமிழர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 7

திருப்பதியில் வக்கீலாக இருக்கும் தம்பி ஜோஷுவாவிடம் போனில் புலம்பினேன். "அது ஃபெட் அக்கோம்ப்ளி லீனாக்கா, உட்டுடு" என்றான். இருபத்திரண்டு வருஷமாக இங்கிலீஷ் டீச்சர், அர்த்தம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம் ஆமாம்" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 8

ஸ்டாஃப் ரூம் அகராதியில் பார்த்தேன். பிரெஞ்சு வார்த்தை. ஒரு நாடு எல்லையோர ஊரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் "வா, பேசலாம்" என்று கூப்பிடுமே, அது. நடந்து முடிந்த காரியம், மற்றவர் ஏற்பதைத் தவிர வழியில்லை. வார்த்தை விளங்கியது. மனசு ஆறவில்லை.

ஜூலை 9

புது நேரத்தை எழுதிப் பெயிண்டருக்குக் கொடுத்த கடிதத்தை அசரியா அண்ணா காட்டினார். கமிட்டி உறுப்பினர் கையெழுத்து மூன்று. நடுவில் என்னுடையது.

மே மாதம் மார்க்கெட்டில் வைத்து, "போர்டு பெயிண்ட் உதிந்து போச்சும்மா, ஒரு சைன் போடு" என்று கேட்டார். போட்டேன். படித்தேனா? புளி பார்த்துக்கினு இருந்தேன். பிள்ளைகளுக்கு மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று பாடம். சீ, என்ன ஜென்மம் நான்.

ஜூலை 13, ஞாயிறு

ஆறரைக்கு மணி அடிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கூட்டம். எழுந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்றேன். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தேன். ஒருவரும் சண்டை போடவில்லை. எல்லாரும் "போர்டே எழுதிட்டாங்களே" என்றார்கள், அவ்வளவுதான்.

பாட்டுக் குழு ஞானமணி அக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாசத்துக்கு ஒரு வாட்டிதான் நான் ஆண்டவர்கிட்ட பேசணுமா? தெலுங்கு எனக்கு மார்க்கெட்டுக்குத்தான் வருது" என்றார். அழுதுவிட்டேன்.

ஜூலை 24

நடந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றால், நாமும் நடத்திவிட்டால்? தப்பா?

ஜூலை 27, ஞாயிறு

வாட்ச்மேன் கிருஷ்ணப்பாவிடம் சாவி கேட்டேன். கமிட்டி ஆள் கேட்டால் அவர் ஏன் எதற்கு என்பதில்லை. ஞானமணி அக்காவும் நானுமாக நாங்களே மணி அடித்தோம். பாஸ்டர் இல்லை, ஜெபப் புத்தகம் இருந்தது. பதினேழு பேர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் ஞாயிறு. பாஸ்டர் வந்தார். போன வாரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மறுபடி நாங்களே. இருபத்தாறு பேர். கடைசிப் பாட்டின்போது அசரியா அண்ணா வாசலில் வந்து நின்றார்.

"யார கேட்டும்மா இதெல்லாம்?"

"ஆரம்பிச்சாச்சு அண்ணா. இனிமே இன்னா பேசறது?" என்றேன்.

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. அவர் போர்டைப் பார்த்தார், உள்ளே இருப்பவர்களைப் பார்த்தார். போன மாதம் அதே வாசலில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பாட்டுப் புத்தகத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை.