நூலகத் தூணுக்குப் பின்னால்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்கள் ஊர் நூலகத்தைக் கட்டிய வெள்ளைக்காரன், முகப்பில் முக்கோணக் கூரையும் அதைத் தாங்க, தலையில் இலை செதுக்கிய உருண்டைத் தூண்களும் வைத்தான். ஒவ்வொரு தூணும் என்னைவிடப் பருமன். இன்று அது உதவியது.

பேப்பர் படிக்கப் போனேன். கடைசித் தூணில் சாய்ந்தபடி என் மகள் தேவி, உப்பள மேஸ்திரி மகன் பிரபுவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். குரூப் ஃபோருக்குப் படிக்கிறாள் என்றுதான் வீட்டில் நம்பியிருந்தோம். நான் சட்டென்று முதல் தூணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

வேறு வீட்டுப் பெண் என்றால் டீக்கடை போய்ச் சேர்வதற்குள் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். இன்று வாயைத் திறக்காமல் வீடு வந்துவிட்டேன்.

சாயங்காலம் தேவி வந்தாள். முதுகெல்லாம் வெள்ளை. உப்புக் காற்றில் அந்தத் தூண்களின் சுண்ணாம்பு தொட்டாலே உதிரும்.

"முதுகுல என்னம்மா அது?" என்றேன், பெரிய போலீஸ் மாதிரி.

அவள் என் பின்னால் வந்து பார்த்தாள். "உங்க சட்டையில இருக்குதே, அதேதாம்ப்பா."

நான் கையை வளைத்து முதுகைத் தட்டப் பார்த்தேன்; எட்டவில்லை. பிறகு மெதுவாக, "நல்ல பையன்ப்பா. எக்ஸாம் முடிஞ்சதும் அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள்.

அதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "என்னங்க, இன்னைக்கு ஊர்ல என்ன சேதி?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் திரும்பிப் போகும்வரை அப்பனும் மகளும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம்.